தூக்கப் பழகியவர்

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு விஷயத்தை நேரில் சொல்லி நடப்பிக்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, "அண்ணை, மோட்டர் ஓடிக்கொண்டு கிடக்குது, தாங்கி நிறைஞ்சு வழியுது" என்று சொல்வேன். "ஓம் ரீச்சர்" என்பார். கதிரையை விட்டு எழும்பமாட்டார். அதையே கனடாவில் இருக்கிற மகன் வீட்டில் பொருத்திவைத்த கமராவில் பார்த்துவிட்டுப் போனில் சொன்னால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் நிற்பாட்டுவார். முதலில் சொன்னது நான். தண்ணீர் வழிந்ததும் என் வளவுக்குள். இருந்தாலும் போனில் வந்தால்தான் அது அவருக்குச் சொல்.

இது செருக்கு என்று எங்கள் ஊரான சுருவிலில் சிலர் நினைத்தார்கள். அப்படியில்லை. அவருடைய வாழ்க்கையில் பெரிய காரியம் எதுவும் நேரில் வந்து சேர்ந்ததில்லை. தகப்பனுக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை. அங்கிருந்து சொல்லி வந்தால்தான் இங்கே கூரை மாற்றுவார்கள், காணிக்கு வேலி அடைப்பார்கள். பிறகு கடை போய், சகோதரர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய், இவர் ஒருவர்தான் வீட்டையும் வளவையும் பார்க்க ஊரில் மிஞ்சினார். ஊர்காவற்றுறையில் வெளிநாட்டுக்குப் போன் பேசுகிற கொமினிகேசன் கடைகள் வந்த காலத்தில், அழைப்பு வரும் என்று மத்தியானம் முழுக்கக் கடை வாசல் மர வாங்கில் குந்தியிருப்பாராம். எந்தக் காணியை விற்பது, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, தாய்க்கு எந்த டொக்டரைக் காட்டுவது, எல்லாம் அங்கேதான் முடிவானது. கல்யாணமும் அப்படித்தான். நோர்வேயில் இருந்த தமையன் பெண்ணைக் கண்ணாலும் காணாமல் "கட்டு" என்றார். கட்டினார். வந்த பெண் தங்கமாக அமைந்துவிட்டது. அதுதான் வினை. ஒரு தரம் பிழைத்திருந்தாலாவது மனிதர் கொஞ்சம் யோசித்திருப்பார்.

"கிட்ட நிக்கிறவனுக்கு ஒரு பக்கந்தான் தெரியும், ரீச்சர்" என்பார். "தூர நிக்கிறவனுக்குத்தான் முழுசாத் தெரியும்."

இதற்கு நான் எத்தனையோ மறுமொழி சொல்லிப் பார்த்திருக்கிறேன். நேரில் சொன்னது. செவிடன் காதில் ஊதிய சங்கு.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். உயரமும் உடம்புமான பெண். வாய்க்குள் எப்போதும் ஒரு நக்கல் இருக்கும். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அந்தப் பெரிய உடம்பு அப்படியே கட்டிலில் கிடந்தது. பேச்சுக் குழறினாலும் நின்று கேட்டால் எல்லாம் விளங்கும். நின்று கேட்பதற்குத்தான் ஆள் குறைவு. ஒருநாள் என்னிடம் மெல்ல மெல்லச் சொன்னா: "இந்த மனிசனோடை கதைக்கிறதெண்டால், நான் அடுத்த அறைக்குப் போய்ப் போன் எடுக்க வேணும். நடக்கவும் ஏலாமல் கிடக்குது." சொல்லிவிட்டு நல்ல பக்கத்து வாயால் சிரித்தா.

ஆனால் அந்த மனிதர் அவவைப் பார்த்த மாதிரி ஒருவரும் ஒருவரைப் பார்க்கமாட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் கட்டிலில் இருந்து தூக்கிக் கொமோட் கதிரையில் இருத்துவார். பிறகு கழுவித் துடைத்து, தலை இழுத்துப் பின்னி, தூக்கி விறாந்தையில் இருத்துவார். மத்தியானம் ஒரு தூக்கு, பின்னேரம் ஒரு தூக்கு. வேலைக்கு ஆள் வைக்கச் சொல்லி மகன் காசு அனுப்பினான். அந்த ஒன்றை மட்டும் அவர் கேட்கவில்லை. "அவ வெக்கப்படுவா" என்றார். அவர் மெலிந்த மனிதர், அறுபதை நெருங்கியவர். அவவோ அவரைப்போல ஒன்றரை ஆள். இரண்டு வீட்டுக்கும் தெரிந்த விஷயம் ஒன்றுதான்: இவருக்குத் தூக்க ஏலும்வரைதான் அக்கா அந்த வீட்டில் இருக்கலாம்.

ஒருநாள் கால் வழுக்கி இரண்டு பேரும் கட்டிலோடு சரிந்துபோக, மகன் அதைக் கமராவில் கண்டுவிட்டான். "அப்பா, நீங்கள் உடம்பிலை பலம் ஏத்த வேணும்" என்று சொன்னான். அவன் அங்கே ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறவன், ஜிம்முக்குப் போகிறவன். தான் பார்க்கிற வீடியோக்களைத் தகப்பனுக்கு அனுப்பிவைத்தான். அவர் பளுதூக்கத் தொடங்கியது அப்படித்தான்.

நான் ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. பெட்டைப் பிள்ளைகளுக்குப் பளுதூக்கல் பழக்குகிறவள். ஒருநாள் விடியப்புறம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால், மனிதர் பெயின்ற் வாளிகளில் சீமெந்து ஊற்றி இறுகவைத்து, கழற்றிப் போடக்கூடிய மாதிரித் தண்ணீர்க் குழாய் ஒன்றின் இரண்டு நுனியிலும் மாட்டியிருக்கிறார். சாரத்துக்கு மேல் அகலமான ஒரு தோல் பெல்ற், மகன் பார்சலில் போட்டுவிட்டது. வெறுங்கால். கோழி கொத்துகிற முற்றத்தில் அதைக் குனிந்து பிடித்து, முதுகை வில்லாக வளைத்து, மூச்சை அடக்கி ஒரே இழுவையில் இழுக்கிறார்.

"அண்ணை, விடுங்கோ அதை" என்றேன். "உடம்பைச் சூடாக்காமல் ஆரேன் பாரம் தூக்குவினமோ? முதல் கையைக் காலைச் சுழட்டுங்கோ. பேந்து வெறுந்தடியோடை குந்தி எழும்புங்கோ. உடம்பு பதமாகட்டும். இப்பிடி முதுகை வளைச்சு இழுத்தால் நாரி போயிடும்."

"ஓம் ரீச்சர்" என்றார். திரும்ப இழுத்தார்.

மதிலோரம் வைத்திருந்த போனில் ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். சட்டையில்லாத உடம்பு, முகத்தில் கறுப்புக் கண்ணாடி. எந்த ஊரோ, எந்த நாடோ தெரியாது. தமிழ் மட்டும் தாராளம். உடம்பைச் சூடாக்குகிறேன் என்று பலத்தை வீணாக்காதீர்கள் என்றான். முதல் தூக்கே முழுத் தூக்கு என்றான். வலி வந்தால் நிறுத்தாதீர்கள், வலிக்கு அந்தப் பக்கம்தான் பலம் இருக்கிறது என்றான். கடைசியில் உடம்பை முறுக்கேற்றுமாம் என்று ஒரு மாவுப் பேணியைக் காட்டி வாங்கச் சொன்னான். பிள்ளைகளுக்கு நான் வருடக்கணக்காக எதெதையெல்லாம் செய்யாதே என்று சொல்லிவருகிறேனோ, அதையெல்லாம் அந்த நாசமறுந்தவன் வரிசையாகச் செய்யச் சொன்னான். என் பிள்ளைகளுக்கு முதல் மாதம் நான் பாரமே கொடுப்பதில்லை. வெறும் மூங்கில் தடி. இவரோ விடிந்ததும் விடியாததுமாகக் கட்டிலால் எழும்பி நேரே சீமெந்து வாளிக்குப் போகிறார்.

"ஆர் அண்ணை இவன்? உங்களுக்குத் தெரியுமோ?"

"மகன் அனுப்பினவன்" என்றார். அதற்கு மேல் அத்தாட்சி அவருக்குத் தேவையில்லை. பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் ஒரு நியாயமும் சொன்னார். "ரீச்சர், அவ கதிரையாலை சரியேக்கை, நான் முதல் கையைக் காலை ஆட்டிப்போட்டோ பிடிக்கிறது? சூடாக்காத பச்சை உடம்போடைதானே தூக்க வேணும். அதுக்குத்தான் பச்சை உடம்போடை பழகிறன்."

அவர் பக்கத்திலும் நியாயம் கொஞ்சம் இருந்தது. பிள்ளைகள் தூக்குவது மெடலுக்கு. இவர் தூக்குவது பெண்சாதியை.

இன்னொரு நாள் வேறொரு வழியாகச் சொல்லிப் பார்த்தேன். உண்மையில் அக்காவைத் தூக்கவே தேவையில்லை. அவவுடைய இடது கால் நல்ல கால். முன்னுக்கு நின்று, இடுப்பில் பிடித்து, அந்தக் காலில் எழும்பி நிற்கவைத்து, அப்படியே திருப்பிக் கதிரையில் இருத்தலாம். பெரியாஸ்பத்திரியில் இருந்து வரும்போதே அங்கே உடற்பயிற்சி காட்டும் பிள்ளை இதைச் செய்து காட்டித்தான் அனுப்பியிருந்தது. நேரில் காட்டியபடியால் இவர் அதைக் காதில் எடுக்கவில்லை. "அந்த பெல்ற்றை உங்கடை இடுப்பிலை கட்டாதேங்கோ, அண்ணை. அக்காவின்ரை இடுப்பிலை கட்டுங்கோ. அதிலை பிடிச்சால் எழுப்பிறது சுகம்" என்றேன். அக்கா கட்டிலில் இருந்து, "ஓம்... ரீச்சர் சொல்லுறதைக் கேளுங்கோவன்" என்றா. அவர் சிரித்துக்கொண்டே பெல்ற்றை இன்னும் ஒரு ஓட்டை இறுக்கினார்.

பள்ளிக்கூட அலுவலாக நான் யாழ்ப்பாணம் போயிருந்த ஒருநாள், என் வீட்டுக்குக் காஸ் கொண்டுவருகிறவனிடம், அவரிடம் விட்டுவந்த வீட்டுத் திறப்பைக் கொடுக்கச் சொல்லி அவருக்குப் போன் எடுத்தேன். பேச்சோடு பேச்சாக, "அண்ணை, காலமை தூக்க முன்னம் தோளையும் இடுப்பையும் சுழட்டிப்போட்டுத் தூக்குங்கோ" என்றும் சொல்லி வைத்தேன். அடுத்த நாள் காலை மதிலால் பார்த்தால், மனிதர் முற்றத்தில் நின்று காற்றாடி மாதிரிக் கையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகுதான் யோசித்தேன். இவ்வளவு காலமும் தொண்டை கிழியக் கத்தியது வீண். செய்யவேண்டியது இதுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடிய என் குசினிக்குள் நின்று அவருக்குப் போன் எடுப்பேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். இடையில் ஒரு முருங்கை மரமும் ஒரு மதிலும். "வணக்கம் அண்ணை. கழுத்தை மெல்லத் திருப்புங்கோ. தோள். இனி இடுப்பு. குந்துங்கோ, குதிக்கால் எழும்பக்கூடாது. இப்ப வெறுங்குழாய்." அவர் அங்கே "ஓம், ஓம்" என்று ஒவ்வொன்றாகச் செய்வார். இரண்டு வாளியைக் கழற்றிச் சின்ன வாளி போடவும் வைத்தேன். அடுத்ததாக அந்த பெல்ற்றை அக்காவுக்குக் கட்டுகிற கதையை எடுப்போம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கொஞ்ச நாள்கள்தான் நல்ல நாள்கள். மனிதர் ஒழுங்காகக் குந்தி எழும்பினார். நாரி நோவு குறைந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னாராம்.

ஒருநாள் காற்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசியது. "தோளைச் சுழட்டுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், போனில் அவர் பேசாமல் நிற்கிறார்.

"என்னண்ணை, கேட்குதோ?"

"கேட்குது, ரீச்சர். மதிலுக்கு மேலாலையே கேட்குது. முதல் மதிலாலை வருகுது, பேந்துதான் போனாலை வருகுது. பக்கத்திலை நிண்டுகொண்டு ஏன் போனுக்கு வீண்செலவு? சொல்லுறதை நேரை சொல்லுங்கோவன்."

அதோடு சரி. அடுத்த நாள் எடுத்தபோது மறுமொழி சொன்னார், செய்யவில்லை. நான் திரும்பவும் வெறும் அயல் வீட்டுக்காரியாகிவிட்டேன். பெரிய வாளிகள் திரும்பக் குழாயில் ஏறின.

மாரி தொடங்கிற்று. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன், மாதத்தில் ஒருநாள் முழுப் பலத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வீடியோ போட்டிருந்தான். மகன் அதையும் அனுப்பியிருந்தான். இரவு முழுக்க மழை பெய்து முற்றம் சொதசொதத்துக் குளிர்ந்திருந்த ஒரு காலை, இவர் வாளிகளோடு அம்மிக்குழவியையும் கயிற்றால் கட்டிவிட்டு இழுத்திருக்கிறார். இழுக்கும்போதே நாரியில் ஏதோ பிடித்தது. வலிக்கு அந்தப் பக்கம்தானே பலம். இன்னொரு தரமும் இழுத்திருக்கிறார். பிறகு போய் அக்காவைத் தூக்கியிருக்கிறார்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினியில் நிற்கிறேன். கனடாவிலிருந்து போன் வருகிறது.

"அன்ரி, அப்பாவும் அம்மாவும் நிலத்திலை கிடக்கினமாம். அப்பா இப்பதான் எடுத்துச் சொன்னவர். கமராவிலை கால்தான் தெரியுது. ஒருக்கா எட்டிப் பாருங்கோ."

கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியாது. ஓடினேன். அறைக்குள் அவர் மல்லாந்து கிடந்தார். அவருக்கு மேல் அக்கா கிடந்தா. தூக்கிய பாதியில் நாரி விட்டுப்போக, அவவை விழவிடாமல் தான் கீழே போய், தன் உடம்பைப் பாயாக்கித் தாங்கியிருக்கிறார். அவவுடைய தலைக்குக் கீழே ஒரு கை. மற்றக் கையில் போன். நான் நின்ற குசினிக்கும் அந்த அறைக்கும் ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. முனகினாலே கேட்டிருக்கும்.

"ஏன் அண்ணை என்னைக் கூப்பிடேல்லை?"

"விடியப்புறம் உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு..." என்றார். முகம் வியர்த்து வெளிறியிருந்தது.

அக்கா அவருடைய நெஞ்சில் கன்னத்தை வைத்தபடி, "கனடாவுக்கு... எடுத்தவர்" என்றா. "எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, ரீச்சர்." அந்த நிலையிலும் சிரித்தா. எனக்கு அழுகைதான் வந்தது.

எதிர்வீட்டுப் பெண்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவருடைய இடுப்பில் இருந்த பெல்ற்றைக் கழற்றி அக்காவுக்குக் கட்டினோம். முதலில் மெல்லப் புரட்டிக் கட்டிலோரம் சாய்த்து இருத்தினோம். பிறகு இரண்டு பக்கமும் நின்று பெல்ற்றில் பிடித்து, நல்ல காலை ஊன்றச் சொன்னேன். "ஒண்டு, ரெண்டு, எழும்புங்கோ அக்கா." எழும்பினா. எங்களுடைய கையில் பாரம் அரைவாசிகூட இல்லை. ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்ததற்குப் பிறகு அவ நிமிர்ந்து நின்றது அன்றைக்குத்தான். கீழே கிடந்த மனிதரைப் பார்த்து, "நிக்கிறன்" என்றா. "நிக்கிறனப்பா, பாருங்கோ." அவர் நிலத்தில் கிடந்தபடி மேலே பார்த்தார். பார்த்து அழுதார். நோவுக்கு அழுதாரா, அவ நின்றதற்கு அழுதாரா என்று நான் கேட்கவில்லை.

எலும்பு முறியவில்லை, நாரிச் சவ்வுதான் பிதுங்கியிருக்கிறது, மூன்று மாதம் ஒன்றும் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன். "மூண்டு மாதந்தானே அண்ணை. காலமையும் பின்னேரமும் நாங்கள் ரெண்டு பேரும் வந்து எழுப்பிவிடுவம். உங்களுக்குச் சுகமாகட்டும், பேந்து இந்த முறையை நீங்களே செய்யலாம். அக்காவும் அதுக்கிடையிலை நல்லா நிப்பா."

அப்படியே செய்தோம். அக்கா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் நிற்கப் பழகிவிட்டா. அவர் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். நான் நம்பத் தொடங்கியிருந்தேன். அதற்குள் ஒருநாள் பின்னேரம் நான் போனபோது, அக்காவின் உடுப்புகள் ஒரு பையில் அடுக்கியிருந்தன.

"நேற்று மகனும் நோர்வே அண்ணையும் ஒண்டா லைனிலை வந்தவை" என்றார். "யாழ்ப்பாணத்திலை வயது போனவையைப் பார்க்கிற இல்லம் ஒண்டு இருக்குதாம். அங்கை விடட்டாம்."

"ஏன்? இஞ்சை என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்லை, ரீச்சர். உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேணும். ஆனால் வெளிநாட்டிலை பிள்ளை இருக்கேக்கை அயலவைதான் தாயைத் தூக்கினம் எண்டு ஊர் கதைக்குமாம். அவனுக்கு அது மரியாதையில்லையாம்."

"ஊரெண்டால் ஆர் அண்ணை? நானும் எதிர்வீட்டுப் பிள்ளையுந்தானே இஞ்சை மிச்சம். நாங்கள் கதைக்கேல்லை."

"அவை எங்கடை நன்மைக்குத்தானே சொல்லுகினம்."

"அக்கா எழும்பி நிக்கிறதை அவை பார்த்தவையோ?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அக்காவின் கட்டிலுக்குத் திரும்பி, "அக்கா, உங்களுக்குப் போக விருப்பமோ?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றா. குழறாமல் சொன்னா. "எனக்கு விருப்பமில்லை. நான் இவரிட்டையும் சொல்லிப்போட்டன்."

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவ சொன்னது அந்த அறைக்குள், இரண்டு முழத் தூரத்தில். நான் அன்று அவரோடு கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். கோபித்தும் என்ன? அடுத்த கிழமை அந்த இல்லத்து வான் வண்டி வந்தது. பெல்ற்றில் பிடித்து எழுப்பலாம் என்று வானோடு வந்த பெடியங்களுக்குச் சொன்னேன். நேரமில்லை அன்ரி என்று சொல்லி, போர்வையோடு சுற்றித் தூக்கி ஏற்றினார்கள். பண்ணைக் கடலைத் தாண்டிப் போனால் அந்த இல்லம். குறை சொல்ல முடியாத இடம். துப்புரவான கட்டில், அன்பான பிள்ளைகள். ஆனால் ஆள் போதாது. எழுப்பி நிறுத்த யாருக்கு நேரம்? அக்கா அங்கே படுத்தாதான், பிறகு நிற்கவில்லை. நான் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். நக்கல் நின்றுபோயிருந்தது. என்னைப் பார்த்து, "அவருக்கு நாரி எப்பிடி?" என்று மட்டும் கேட்டா.

ஒருநாள் முற்பகல் அவர் ஊன்றுகோலோடு என் வீட்டுக் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். அயலில் இருந்த இவ்வளவு காலத்தில் அவராக என் வீட்டுக்கு வந்தது அன்றுதான். சாரத்தைப் பிழையாகக் கட்டியிருந்தார்.

"ரீச்சர், அவ போன் எடுத்தவ."

"ஆர்?"

"அவதான். அங்கை வேலை செய்யிற பிள்ளை எடுத்துக் குடுத்ததாம். 'என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ' எண்டவ. நான் கூட்டிவரப்போறன். நீங்கள் ரெண்டு பேரும் முந்தின மாதிரி வருவியளோ?"

வருவோம் என்றேன். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "இதைத்தானே அண்ணை அவ கட்டிலிலை இருந்து உங்களுக்குச் சொன்னவ. நானும் நிண்டனான்."

"சொன்னவதான்" என்றார். "ஆனால் ரீச்சர், போனிலை கேட்கேக்கை... அவ அழுகிற சத்தம் நல்ல கிட்டக் கேட்டது."

அன்றே மகனுக்கு எடுத்தார். என் வீட்டு விறாந்தையில் இருந்துதான் பேசினார். மகன் அங்கே உரத்துக் கத்துவது எனக்கும் கேட்டது. "இல்லையப்பன். அம்மா சொல்லிப்போட்டா" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகு நோர்வே அண்ணர். அவருக்கும் அதையே சொன்னார். நோர்வே அண்ணருக்கு அவர் இல்லை என்று சொன்னதை நான் கண்டது அன்று ஒரு தரம்தான். பேசி முடித்துப் போனை நிறுத்தி மடியில் வைத்தார். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கு வான் பிடிப்போம் என்று தீர்மானித்தோம். எதிர்வீட்டுப் பிள்ளை அக்காவின் கட்டிலைக் கழுவி வெயிலில் வைத்தது. கொமோட் கதிரையின் சில்லுக்கு அவர் எண்ணெய் விட்டார், குனிய முடியாமல் நிலத்தில் இருந்துகொண்டு.

புதன்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள். படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம், பயமில்லை என்றார்கள். வியாழக்கிழமை மத்தியானம் இன்னொரு போன் வந்தது. நான் அப்போது அவருடைய வீட்டில்தான் நின்றேன், யன்னல் சீலை மாற்றிக்கொண்டு. போனில் வந்ததை எதிர்த்துக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். "ஓம்" என்றார். "ஓம். சரி. ஓம்." பிறகு போனைக் காதில் இருந்து எடுக்காமல் அப்படியே நின்றார். அந்தப் பக்கம் வைத்து வெகு நேரம் ஆகியிருக்கும்.

மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. செத்த வீட்டை ஒரு பெடியன் போனில் பிடித்துக் கனடாவுக்குக் காட்டினான். பெட்டியைத் தூக்க ஆள் காணாமல் குறிகட்டுவான் பக்கமிருந்து இரண்டு பேரைக் கூப்பிட வேண்டி வந்தது. அவர் தானும் பிடிக்கப் போனார். டொக்டர் சொன்னது நினைப்பில்லையா என்று யாரோ தடுத்துக் கதிரையில் இருத்திவிட்டார்கள்.

நான் அவரை வெறுத்தேன் என்று சொல்ல முடியாது. வெறுக்கப் பார்த்தேன். அவவைத் தாங்கி நிலத்தில் கிடந்த அந்தக் காலையை நினைத்தால் வெறுப்பு வருவதில்லை. தன் நாரியைக் கொடுத்து அவவைக் காப்பாற்றிய மனிதர்தான், பிறகு ஒரு போனுக்கு அவவைக் கொடுத்தார். இரண்டும் ஒரே ஆள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாள். நான் கடையில் வாங்கிய அரிசி மூட்டையை ஓட்டோக்காரன் கேற்றடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அதை இழுத்துக்கொண்டு நிற்கையில் அவர் வந்தார். ஊன்றுகோல் இல்லை. விலகச் சொன்னார். வேண்டாம் அண்ணை என்று நான் சொல்வதற்குள் காலை அகட்டி, குந்தி, மூட்டையை நெஞ்சோடு அணைத்து, நிமிர்ந்த முதுகோடு எழும்பினார். என் பிள்ளைகளில் ஒருத்தி அப்படித் தூக்கினால் கைதட்டியிருப்பேன். குசினிவரை கொண்டுபோய், சத்தமில்லாமல் நிலத்தில் இறக்கினார்.

"நோகேல்லையோ அண்ணை?"

"இல்லை" என்றார். நாரியை ஒரு கையால் தடவிப் பார்த்தார். "நீங்கள் சொன்ன மாதிரித்தான், ரீச்சர். மூண்டு மாதம். முழுசாச் சுகம். இப்ப எவ்வளவும் தூக்குவன்."

நான் தண்ணீர் எடுக்கிற சாட்டில் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.